ரிக்லொப் வான் கூன்ஸ்: கொட்டியாரக் குடாவை மூடிய ஆளுநர்

க.பொ.த. சாதாரண தர வரலாற்றுப் பாடத்தில் ஒல்லாந்தர் ஆட்சி என்றதும் கறுவா, தோம்பு, உரோமன் டச்சுச் சட்டம் ஆகியவையே மாணவர்களின் நினைவுக்கு வருகின்றன. அந்த ஆட்சியை நடத்திய மனிதர்கள் வெறும் பெயர்களாகவே நின்றுவிடுகின்றனர். அவர்களுள் ஒருவருடைய வாழ்க்கையையேனும் தொடக்கம் முதல் முடிவு வரை படித்துவிட்டால், 1658 ஆம் ஆண்டுக்குப் பின்னர் கண்டி இராச்சியத்துக்கும் ஒல்லாந்தருக்கும் இடையில் ஏன் ஓயாத பகை நிலவியது என்பது தெளிவாகிவிடும். அதற்கு மிகவும் பொருத்தமானவர் ரிக்லொப் வான் கூன்ஸ். இவருடைய பெயரை வன் கோயன்ஸ் என்றும் தமிழில் எழுதுவதுண்டு. இரண்டும் ஒருவரையே குறிக்கும்.

நமது பிரதேச மாணவர்கள் இவரை அறிய வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கட்டைபறிச்சான், சேனையூர், சம்பூர், மூதூர் ஆகிய ஊர்கள் அடங்கிய கொட்டியாரப்பற்றின் கடற்கரையில் 1668 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கோட்டை எழுந்தது இவருடைய கொள்கையின் விளைவாகவே ஆகும்.

முதலில் ஒரு விளக்கம். ஒல்லாந்தர் காலத்து ஆளுநரை ஆள்பதி, தேசாதிபதி என்றும் நூல்கள் குறிப்பிடும். இவர் ஓர் அரசரின் பிரதிநிதி அல்லர். 1602 இல் அமைக்கப்பட்ட ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் சம்பளம் பெறும் உத்தியோகத்தர் ஆவார். கொழும்பிலிருந்த ஆளுநருக்கு மேலே பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், மகாதேசாதிபதியும் அவரது சபையும் இருந்தனர். அவர்களுக்கும் மேலே நெதர்லாந்தில் பதினேழு பேர் கொண்ட பணிப்பாளர் சபை இருந்தது. கொழும்பிலிருந்து கடிதம் நெதர்லாந்துக்குப் போய்ப் பதில் வருவதற்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். அந்த இடைவெளியில் துணிச்சலான ஆளுநர் ஒருவர் எவ்வளவோ செய்துவிடலாம். வான் கூன்ஸ் செய்தார்.

இளமைக் காலம்

வான் கூன்ஸ் 1619 ஆம் ஆண்டு யூன் மாதம் ரைன் நதிக்கரையிலுள்ள ரீஸ் என்னும் சிறு நகரில் பிறந்தார். அந்நகர் இன்று ஜேர்மனியில், நெதர்லாந்து எல்லைக்கு அண்மையில் உள்ளது. தந்தை ஒல்லாந்தப் படையில் சேவை புரிந்தவர். சிறுவனுக்கு ஏறக்குறைய பத்து வயதானபோது குடும்பம் பத்தாவியாவுக்குக் கப்பலேறியது. அங்கு சென்ற சிறிது காலத்தினுள் தந்தையும் தாயும் இறந்துபோயினர். ஆதரவற்ற சிறுவனைக் கம்பனியே பொறுப்பேற்றது. சோழமண்டலக் கரையில், சென்னைக்கு வடக்கேயுள்ள பழவேற்காட்டில், ஒல்லாந்த ஆளுநராக இருந்தவரிடம் அவன் சேவைக்கு அனுப்பப்பட்டான்.

ஐரோப்பாவில் பள்ளிக்கூடத்தை முடிக்காத ஒருவர் கணக்கு, கடிதம், துணி விலை, காற்றுத் திசை என்பவற்றையெல்லாம் ஆசியத் துறைமுகங்களிலேயே கற்றார் என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். பிற்காலத்தில் அவருடன் முரண்பட்ட அதிகாரிகளிற் பலர் கல்வி கற்றவர்கள், சட்டம் படித்தவர்கள். இவருக்குக் கம்பனியே வீடும் பள்ளியுமாக இருந்தது. கம்பனியின் நலன் என்று தாம் கருதியதற்காக எதையும் செய்யத் துணிந்த அவரது போக்குக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

எழுதுவினைஞர் நிலையில் தொடங்கிப் படிப்படியாக வணிக அதிகாரியாக உயர்ந்தார். 1648 முதல் 1654 வரையான காலத்தில் ஜாவாத் தீவின் மத்தாராம் அரசவைக்கு ஐந்து தடவைகள் தூதுவராக அனுப்பப்பட்டார். அங்கு ஆண்ட முதலாம் அமங்குராத் கொடுமைக்குப் பெயர்பெற்ற மன்னன். அவனது அரண்மனையில் தாம் கண்டவற்றையும் கேட்டவற்றையும் வான் கூன்ஸ் விரிவாக எழுதி வைத்தார். ஜாவாவின் வரலாற்றை ஆராய்வோர் இன்றும் அக்குறிப்புகளைப் பயன்படுத்துகின்றனர். சிறந்த அவதானிப்பாளர் என்ற பெயர் அவருக்கு உண்டு. ஆனால் கீழைத்தேய மன்னர்களின் வாக்கை நம்பலாகாது என்ற எண்ணமும் அந்த அரசவையிலேயே அவருள் ஊன்றியிருக்கக் கூடும். கண்டி மன்னருடன் அவர் பின்னர் நடந்துகொண்ட முறையை நோக்கும்போது இவ்வாறு எண்ணத் தோன்றுகின்றது.

அவர் வருமுன் இலங்கை இருந்த நிலை

வான் கூன்ஸின் செயல்களை விளங்கிக் கொள்வதற்கு 1638 ஆம் ஆண்டு உடன்படிக்கையை மீட்டுப் பார்ப்பது அவசியம். போர்த்துக்கேயரை விரட்டுவதற்காகக் கண்டி மன்னர் இரண்டாம் இராஜசிங்கன் ஒல்லாந்தரை அழைத்தார். அவ்வாண்டு மே மாதத்தில் மட்டக்களப்புக் கோட்டை வீழ்ந்தது. அதனைத் தொடர்ந்து உடன்படிக்கை கைச்சாத்தானது. கைப்பற்றப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தக் காவற்படையை நிறுத்துவது பற்றிய மூன்றாம் வாசகத்தில், மன்னர் விரும்பினால் என்ற பொருளுடைய சொற்கள் மன்னரின் பிரதியில் இருந்தன. ஒல்லாந்தரின் பிரதியில் இருக்கவில்லை. பரீட்சையில் அடிக்கடி வினவப்படும் இச்சிறு சொற்றொடரே அடுத்த அரை நூற்றாண்டுப் பூசலுக்கு வித்திட்டது.

1639 இல் திருகோணமலைக் கோட்டை போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றப்பட்டது. மட்டக்களப்பும் திருகோணமலையும் பின்னர் மன்னரிடம் ஒப்படைக்கப்பட்டன. ஆனால் கறுவா விளையும் தென்மேற்குக் கரையில் கதை வேறு. காலியையும் நீர்கொழும்பையும் ஒல்லாந்தர் தம்மிடமே வைத்துக்கொண்டனர். 1656 மே மாதம் கொழும்பு வீழ்ந்தபோது மன்னரின் படைகளுக்குக் கோட்டை வாயில் திறக்கப்படவே இல்லை. யுத்தச் செலவை மன்னர் இன்னும் தீர்க்கவில்லை என்பது கம்பனி சொன்ன நியாயம்.

ஆகவே 1656 இன் பின்னர் நிலைமை இவ்வாறு அமைந்தது: மேற்குக் கரை ஒல்லாந்தரிடம், கிழக்குக் கரைத் துறைகள் மன்னரின் செல்வாக்கில். கண்டி இராச்சியத்துக்கு வெளியுலகுக்கான வாசல் திருகோணமலை, கொட்டியாரம், மட்டக்களப்பு ஆகிய கிழக்குத் துறைகளே. தென்னிந்தியக் கரையிலிருந்து தோணிகள் புடைவையும் அரிசியும் கொண்டுவந்தன. பாக்கு முதலிய பொருட்களை ஏற்றிச் சென்றன.

தளபதி

1655 அளவில் நெதர்லாந்து சென்ற வான் கூன்ஸ், இலங்கையிலும் இந்தியாவின் மேற்குக் கரையிலும் எஞ்சியிருந்த போர்த்துக்கேயரை அகற்றும் பணியுடன் 1657 இல் கீழைத்தேயம் திரும்பினார். அடுத்த ஆண்டு அவருடைய வாழ்க்கையின் வெற்றி ஆண்டாகும். 1658 இன் தொடக்கத்தில் தூத்துக்குடி, பெப்ரவரியில் மன்னார், யூன் மாத இறுதியில் யாழ்ப்பாணம், யூலையில் நாகபட்டினம் என ஒன்றன்பின் ஒன்றாகக் கைப்பற்றினார். முத்துக்குளிப்பு நடைபெற்ற மன்னார்க் கடலின் இரு கரைகளும் ஒரே ஆண்டில் கம்பனியின் வசமாயின.

இவற்றுள் யாழ்ப்பாணமே கடினமானது. மூன்று மாதத்துக்கு மேல் முற்றுகை நீடித்தது. நகரத்து மக்கள் பலர் கோட்டைக்குள் தஞ்சம் புகுந்திருந்தமையால் உணவு விரைவில் தீர்ந்தது, நோய் பரவியது. கடல் நடுவேயிருந்த ஊர்காவற்றுறைக் கோட்டை குடிநீரின்றி முன்னரே சரணடைந்திருந்தது. யாழ்ப்பாணக் கோட்டை வீழ்ந்ததோடு இலங்கையில் போர்த்துக்கேயர் ஆட்சி முடிவுற்றது. இம்முற்றுகையில் உடனிருந்த பல்தேயஸ் பாதிரியார் எழுதி 1672 இல் வெளிவந்த நூலே இந்நிகழ்ச்சிகளுக்கு நமக்குக் கிடைக்கும் முக்கிய ஆதாரமாகும்.

ஆட்சி மாற்றத்தை யாழ்ப்பாணத்தில் எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. கோட்டை வீழ்ந்த சில மாதங்களில் ஒல்லாந்தருக்கு எதிரான சதி ஒன்று வெளிப்பட்டது. அதில் ஈடுபட்டோர் மிகக் கொடுமையாகத் தண்டிக்கப்பட்டனர். கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்பது குற்றமாக்கப்பட்டது. கத்தோலிக்கத் தேவாலயங்கள் சீர்திருத்தத் திருச்சபையின் கோயில்களாகவும் பள்ளிக்கூடங்களாகவும் மாறின.

இக்காலத்துச் செய்தி ஒன்று பாடநூல்களில் அதிகம் இடம்பெறுவதில்லை. 1659 ஆம் ஆண்டை அடுத்துத் தஞ்சாவூர்ப் பகுதியில் போரினாலும் பஞ்சத்தினாலும் மக்கள் பட்டினி கிடந்தனர். பசியால் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்றவர்களை நாகபட்டினத்தில் கம்பனி அடிமைகளாக வாங்கிக் கப்பல்களில் ஏற்றியது. அவர்களுள் ஆயிரக்கணக்கானோர் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு வயல்களிலும் கோட்டை வேலைகளிலும் ஈடுபடுத்தப்பட்டனர். போரினால் ஆளற்றுப் போன நிலங்களில் மீண்டும் நெல் விளைய வேண்டும் என்பது வான் கூன்ஸின் திட்டம். திட்டம் என்ற அளவில் அதைப் புரிந்துகொள்ள முடியும். அதற்காக வாங்கப்பட்டவர்கள் யாவர் என்பதையும் மறத்தலாகாது.

தொடர்ந்து மலையாளக் கரையில் கொல்லம், கொடுங்கல்லூர் ஆகியவற்றைக் கைப்பற்றிய வான் கூன்ஸ் 1663 சனவரியில் கொச்சியையும் வென்றார். மிளகும் கறுவாவும் ஒரே கையில் சேர்ந்தன. இதற்கிடையில் 1662 இல் இலங்கையின் ஆளுநர் பதவியை ஏற்றிருந்தார். 1663 இல் யேக்கப் ஹஸ்ரார்ட் என்பவரிடம் பொறுப்பை ஒப்படைத்து, 1664 இன் இறுதியில் மீண்டும் ஏற்றுக்கொண்டார். இரண்டாம் முறை பதினொரு ஆண்டுகள், 1675 வரை, அப்பதவியில் இருந்தார்.

கொட்டியாரக் குடா

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே விரிந்து கிடப்பது கொட்டியாரக் குடா. மகாவலி கங்கையின் நீர் இக்குடாவிற் கலக்கின்றது. வாடைக்காற்றுக் காலத்தில் சோழமண்டலக் கரையில் நிற்கும் கப்பல்களுக்குப் பாதுகாப்பு இல்லை. அங்கு ஆழமான இயற்கைத் துறைமுகம் கிடையாது. புயல் வந்தால் நங்கூரத்தை வெட்டிவிட்டு ஓட வேண்டியதுதான். ஓடி ஒதுங்குவதற்கு அண்மையில் இருந்த இடம் திருகோணமலையும் அதனை அடுத்த இக்குடாவுமே. ஐரோப்பியர் இவ்விடத்துக்காக ஒருவரோடொருவர் மோதியதன் காரணம் இதுவாகும்.

1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் புயலில் சிக்கிப் பாய்மரத்தை இழந்த ஆங்கிலக் கப்பல் ஒன்று, பழுது பார்க்கவும் இயன்றால் சிறிது வாணிபம் செய்யவும் கொட்டியாரத்துக்கு வந்தது. அதன் தலைவரும் அவரது மகனும் உட்படப் பதினாறு பேரை 1660 இல் கண்டி மன்னரின் ஆட்கள் சிறைப்பிடித்துச் சென்றனர். மகனின் பெயர் ரொபேட் நொக்ஸ். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. இலங்கை பற்றி அவர் எழுதிய நூலை வரலாற்று மாணவர் அனைவரும் அறிவர். மூதூரில் வெள்ளை மனிதன் மரம் என்று சொல்லப்பட்ட புளியமரமும் அதன் நினைவுக் கல்லும் இந்நிகழ்ச்சியைக் குறிப்பனவே. அன்று கொட்டியாரத்தில் மன்னரின் ஆணையே செல்லுபடியாகியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்த நிலையைத்தான் வான் கூன்ஸ் மாற்ற விரும்பினார். அவருடைய வாதம் எளிமையானது. கறுவா வாணிபத்தில் கம்பனிக்குப் போட்டியாளர் இருக்கக் கூடாது. அதற்கு வேறு ஐரோப்பியர் எவரும் தீவில் காலூன்றக் கூடாது. அதற்குத் தீவின் ஒவ்வொரு துறையும் கம்பனியின் காவலில் இருக்க வேண்டும். துறைகளை மாத்திரம் பிடித்தாற் போதாது, அவற்றுக்கு உணவளிக்கும் உள்நிலமும் வேண்டும். சுருங்கச் சொன்னால், வாணிபக் கம்பனி ஒன்று அரசாக மாற வேண்டும் என்றார். கொழும்பே பத்தாவியாவுக்கு நிகரான, ஏன், அதனைவிடச் சிறந்த தலைமையிடமாகலாம் என்பதும் அவர் கனவு.

கலகம் தந்த வாய்ப்பு

1664 டிசம்பரில் நிலம்பை அரண்மனையில் தங்கியிருந்த இரண்டாம் இராஜசிங்கனுக்கு எதிராகக் கலகம் வெடித்தது. தலைமை தாங்கியவர்களுள் அம்பன்வலை றாளை முக்கியமானவர். மன்னர் இரவோடிரவாக மலைகளுக்குள் தப்பினார். கலகம் விரைவில் அடங்கியபோதிலும், அச்சமுற்ற மன்னர் ஒல்லாந்தரிடம் உதவி கேட்டார். ஆண்டுக் கணக்காகத் தம்மோடு பேசாதிருந்த மன்னரிடமிருந்து வந்த இவ்வேண்டுகோளை வான் கூன்ஸ் எவ்வாறு பயன்படுத்தினார் என்பதே அவரது ஆட்சியின் மையமாகும்.

மன்னருக்கு உதவி என்ற பெயரில் 1665 இல் படைகள் கொழும்பிலிருந்து உள்நாட்டை நோக்கி நகர்ந்தன. றுவன்வெல்லை முதலிய இடங்களில் காவலரண்கள் எழுந்தன. அதே ஆண்டில் திருகோணமலையில் ஒல்லாந்தக் கொடி பறந்தது. 1668 இல் மட்டக்களப்பும் கொட்டியாரமும் கைப்பற்றப்பட்டன. போர்த்துக்கேயர் 1620 களில் கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டிய குன்றில் ஒல்லாந்தர் மீண்டும் அரண் அமைத்தனர். 1670 அளவில் தீவின் முக்கிய துறைகள் அனைத்தும் கம்பனியின் கையில் இருந்தன. கம்பனி ஆண்ட நிலப்பரப்பும் வெகுவாகப் பெருகியிருந்தது.

இதில் கவனிக்க வேண்டிய விந்தை ஒன்று உண்டு. நிலங்களைப் பறித்துக்கொண்டிருந்த அதே காலத்தில் மன்னருக்கு எழுதப்பட்ட கடிதங்கள் மிகுந்த பணிவோடு இருந்தன. கொழும்புக் கோட்டையை மாட்சிமை தங்கிய மன்னரின் கோட்டை என்றே அவை குறித்தன. கம்பனி மன்னரின் ஊழியன், அவரது கரையைக் காக்கும் காவலாளி என்பது எழுத்தில் இருந்த நிலை. மன்னரோ அம்மொழியில் மயங்கவில்லை. தம்மிடம் வந்த தூதுவர்களைத் திருப்பி அனுப்பாமல் தடுத்து வைத்தார்; கடிதங்களுக்குப் பதிலளிக்காதிருந்தார். கலகத் தலைவர் அம்பன்வலை றாளையைத் தண்டிக்கும்படி அவர் கொழும்புக்கு அனுப்பியபோது, ஒல்லாந்தர் அவரை உயிரோடு நன்றாக வாழவிட்டனர் என்று நொக்ஸின் நூல் கூறுகின்றது. இரு தரப்பினரும் ஒருவரையொருவர் எந்தளவு நம்பினர் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

துறைகள் மூடப்பட்டதன் விளைவு

கிழக்குத் துறைகள் கைக்கு வந்ததும் கம்பனி வாணிப ஏகபோகத்தை முழுத் தீவுக்கும் விரிவாக்கியது. கறுவாவும் யானையும் முன்னரே கம்பனிக்குரியவை. இப்போது பாக்கும் கம்பனியின் வழியாகவே செல்ல வேண்டும். உள்ளே வரும் புடைவையையும் கம்பனியே விற்கும். அனுமதிச் சீட்டு இல்லாத தோணிகளுக்கு இடமில்லை. தலைமுறை தலைமுறையாக இக்கரைக்கு வந்துபோன சோனக வணிகரும் செட்டிகளும் தடுக்கப்பட்டனர்.

இக்கட்டளையைக் கொட்டியாரக் கரையிலிருந்து பார்த்தால் அதன் பொருள் விளங்கும். நாகபட்டினத்துத் தோணி வராவிட்டால் அதில் வரும் அரிசியும் இல்லை, புடைவையும் இல்லை. மலையிலிருந்து பாக்குச் சுமந்து வரும் தவளம் என்னும் பொதிமாட்டுக் கூட்டத்துக்கு இங்கு வந்து பயனில்லை. வாங்குபவன் ஒருவனே என்றால் விலையையும் அவனே தீர்மானிப்பான். கண்டி மன்னரைப் பணிய வைப்பதற்காகப் போடப்பட்ட தடை, நடுவில் இருந்த கரையோரக் குடிகளின் தலையிலேயே முதலில் விழுந்தது. கம்பனியும் தப்பவில்லை. வணிகர் வராததால் சுங்க வருமானம் குறைந்தது. காவற்படைகளுக்கு வேண்டிய அரிசியைக் கம்பனி தானே கப்பல் வைத்துக் கொண்டுவர நேர்ந்தது. தடையை மீறிய களவு வாணிபம் இன்னொரு பக்கம் நடந்தது.

1670 இல் மன்னர் திருப்பித் தாக்கினார். உள்நாட்டில் ஒதுங்கியிருந்த காவலரண்கள் சிலவற்றைக் கண்டிப் படைகள் கைப்பற்றின. மலைநாட்டுப் போர் முறையில், நேருக்கு நேர் மோதாமல் வழிகளை மறித்து உணவைத் தடுப்பதே வழக்கம். கோட்டையில் பீரங்கியோடு இருப்பவனுக்கு இது தீராத தலையிடி.

பிரெஞ்சுக் கப்பற்படை

வேறு ஐரோப்பியர் வருவர் என்ற வான் கூன்ஸின் அச்சம் வீணானதன்று என்பதை 1672 மார்ச் மாதம் நிரூபித்தது. பதினான்காம் லூயி மன்னன் அனுப்பிய பிரெஞ்சுக் கப்பற்படை டி லா ஹே என்ற தளபதியின் கீழ் திருகோணமலைக்கு வந்து சேர்ந்தது. கொட்டியாரத்திலிருந்த சிறு ஒல்லாந்தப் படை கோட்டையைக் கைவிட்டு வெளியேறியது. பிரெஞ்சுக்காரர் துறைமுகத் தீவுகளில் அரண் அமைக்கத் தொடங்கினர். கண்டிக்குத் தூது அனுப்பினர். இரண்டாம் இராஜசிங்கன் மகிழ்ந்து குடாவைப் பிரெஞ்சுக்காரருக்கு வழங்கினார். ஒல்லாந்தரை விரட்ட இன்னொரு ஐரோப்பியர் கிடைத்தனர் என்பது அவரது எண்ணம். 1638 இல் செய்த அதே கணக்கை அவர் மீண்டும் போட்டார் என்பதைக் கவனிக்கவும்.

ஐரோப்பாவில் பிரான்சுக்கும் ஒல்லாந்துக்கும் போர் மூண்ட செய்தி இன்னும் இக்கடலுக்கு வந்து சேரவில்லை. வான் கூன்ஸ் கப்பல்களோடு விரைந்து வந்தார். உடனே பெரும் போர் தொடுக்காமல், பிரெஞ்சுக்காரருக்கு வரவேண்டிய உணவைத் தடுத்தார். வருகைதந்த படையில் ஏற்கனவே நோய் பரவியிருந்தது. பசியும் சேர்ந்தது. யூலையில் டி லா ஹே உணவு தேடிச் சோழமண்டலக் கரைக்குப் புறப்பட்டு, மயிலாப்பூரை அடுத்த சாந்தோமைக் கைப்பற்றினார். பின்னால் விட்டுச் சென்ற சிறு படையை ஒல்லாந்தர் சிறைப்பிடித்தனர். சாந்தோமும் கொல்கொண்டாப் படையாலும் ஒல்லாந்தக் கப்பல்களாலும் முற்றுகையிடப்பட்டு 1674 செப்டெம்பரில் வீழ்ந்தது. கண்டிக்குச் சென்ற பிரெஞ்சுத் தூதுவர் டி லனெரோல் அரசவை ஒழுங்கை மீறி மன்னரின் கோபத்துக்கு ஆளாகி அங்கேயே தடுத்து வைக்கப்பட்டார். அவரது வழித்தோன்றல்கள் இன்றும் இலங்கையில் அப்பெயரோடு வாழ்கின்றனர்.

இது வான் கூன்ஸுக்குப் பெரு வெற்றி. காவலில்லாத துறை எவனோ ஒருவனுக்குத் திறந்த வாசல் என்ற தமது வாதத்துக்கு இதனையே அவர் சான்றாகக் காட்டினார்.

கணக்கேடு சொன்ன தீர்ப்பு

ஆயினும் பத்தாவியாவில் எல்லோரும் இவ்வாறு எண்ணவில்லை. மகாதேசாதிபதி ஜோன் மட்சுயிக்கர் 1646 முதல் 1650 வரை தாமே இலங்கையின் ஆளுநராக இருந்தவர், சட்டம் கற்றவர், அமைதியாக வாணிபம் செய்வதையே விரும்பியவர். ஒவ்வொரு புதிய கோட்டைக்கும் படைவீரர், சம்பளம், அரிசி, வெடிமருந்து, மருத்துவம் என்று செலவு ஏறிக்கொண்டே போனது. நிலங்கள் கிடைத்ததும் வருமானம் பெருகும் என்று வான் கூன்ஸ் ஆண்டுதோறும் உறுதியளித்தார். உறுதி நிறைவேறவில்லை. நெதர்லாந்திலிருந்த பணிப்பாளர்கள் நெடுங்காலம் அவர் பக்கம் நின்றனர். 1670 களின் பிற்பகுதியில் அவர்களும் தயங்கத் தொடங்கினர்.

யாழ்ப்பாணத்திற் பிறந்த வரலாற்றாசிரியர் சின்னப்பா அரசரத்தினம் 1658 முதல் 1687 வரையான ஒல்லாந்த அதிகாரத்தைப் பற்றித் தனி நூலே எழுதியுள்ளார். வான் கூன்ஸின் விரிவாக்கக் கொள்கை எவ்வாறு எழுந்தது, எவ்வாறு கைவிடப்பட்டது என்பதே அந்நூலின் முக்கிய பொருள். உயர்தரத்தில் வரலாறு கற்க எண்ணுபவர்கள் அதனைத் தேடிப் படிக்கலாம்.

1675 இல் பதவி விலகிய வான் கூன்ஸ் ஆளுநர் பதவியைத் தம் மகனிடமே ஒப்படைத்தார். மகனின் பெயரும் ரிக்லொப் வான் கூன்ஸ்தான். பரீட்சையில் குழப்பமடைய வேண்டாம்: தந்தை 1675 வரை, மகன் 1675 முதல் 1680 வரை. பதவி மாறும்போது அடுத்தவருக்கு நீண்ட அறிக்கை ஒன்றை எழுதி வைப்பது ஒல்லாந்தர் வழக்கம். மகனுக்காக அவர் எழுதிய அறிக்கையில் கோட்டைகள், சாதிகள், சேவைகள், பயிர்கள், வரிகள் என எல்லாமே விரிவாக உள்ளன. மன்னரிடம் விட்டுக்கொடுக்கலாகாது என்ற பிடிவாதமும் அதில் உள்ளது. அக்காலத்து இலங்கைச் சமூகத்தை அறிய அது சிறந்த மூலாதாரம். அதைப் படிக்கும்போது எழுதியவரின் நோக்கத்தையும் மனத்திற் கொள்ள வேண்டும். நிலத்தின் வளத்தை அவர் புகழும் இடங்களில் தமது கொள்கைக்காக வாதாடும் குரலும் கலந்திருக்கின்றது.

மட்சுயிக்கர் 1678 சனவரியில் இறந்தார். மகாதேசாதிபதிப் பதவி வான் கூன்ஸுக்கு வந்தது. பெற்றோரை இழந்த சிறுவனாகப் பத்தாவியாவில் நின்றவர், ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அந்நகரிலேயே கீழைத்தேயத்தின் அதியுயர் ஒல்லாந்த அதிகாரியானார். ஆனால் காலம் மாறிவிட்டிருந்தது. அவரது சபையினரே இலங்கையில் செலவைக் குறைக்க வேண்டும், மன்னருடன் சமாதானமாக வேண்டும் என்று வற்புறுத்தினர். கைப்பற்றிய நிலங்களைத் திருப்பிக் கொடுப்பது பற்றிப் பேச்சு எழுந்தது. தாம் கொழும்பில் கட்டியெழுப்பியது தமது தலைமையின் கீழேயே தளர்வதை அவர் பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்தது.

இக்காலத்தில் ஒரு சந்திப்பும் நிகழ்ந்தது. பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் கண்டியில் சிறைப்பட்டிருந்த ரொபேட் நொக்ஸ் 1679 ஒக்டோபரில் தப்பி, காட்டு வழியே மன்னார்ப் பகுதியிலுள்ள அரிப்புக் கோட்டையை அடைந்தார். கொழும்பில் அவரை விசாரித்தவர் மகன் வான் கூன்ஸ். அங்கிருந்து பத்தாவியா சென்ற நொக்ஸை வரவேற்றவர் தந்தை வான் கூன்ஸ். கொட்டியாரக் கரையில் பிடிபட்ட ஆங்கிலேயர், அக்கரையை மூடிய ஒல்லாந்தரைச் சந்தித்தார். கண்டி மன்னரைப் பற்றியே அவர்கள் அதிகம் கேட்டறிந்தனர் என்பதில் வியப்பில்லை.

1681 நவம்பரில் உடல்நலம் குன்றிய நிலையில் வான் கூன்ஸ் பதவி விலகினார். நெதர்லாந்து திரும்பிய அவர் 1682 நவம்பர் 14 ஆம் நாள் அம்ஸ்டர்டாம் நகரில் காலமானார். வயது அறுபத்து மூன்று. அவருடைய பெரும் எதிராளியான இரண்டாம் இராஜசிங்கன் அவருக்குப் பின்னரும் ஐந்து ஆண்டுகள் ஆண்டு 1687 இல் இறந்தார். மகன் வான் கூன்ஸை அடுத்து ஆளுநரான லோறன்ஸ் பைல் மன்னருடன் இணக்கத்தை நாடினார். தென்னிந்திய வணிகருக்கு இருந்த தடைகள் சிறிது தளர்த்தப்பட்டன. ஆனால் திருகோணமலையை ஒல்லாந்தர் விட்டுவிடவில்லை.

வான் கூன்ஸ் விரும்பிய முழுக் கரையோர உரிமை, அவர் இறந்து எண்பத்து நான்கு ஆண்டுகளின் பின், 1766 ஆம் ஆண்டு உடன்படிக்கையின் மூலம் கம்பனிக்கு எழுத்தில் கிடைத்தது. அதற்கு இருபது ஆண்டுகளின் பின், 1786 இல், திருகோணமலை ஒல்லாந்த அதிகாரி வான் சென்டன் கொட்டியாரப்பற்று, தம்பலகாமப்பற்று, கட்டுக்குளப்பற்று ஆகியவற்றின் ஊர்களூடாகப் பயணம் செய்தார். குடிகளை அதிக நெல் விளைவிக்கத் தூண்டுவது அப்பயணத்தின் நோக்கங்களுள் ஒன்று. அவர் எழுதிய நாட்குறிப்பில் உடைந்த குளங்களையும் பயிரிடப்படாத நிலங்களையும் பற்றிய குறிப்புகள் உள்ளன.